நக்கவாரத்துப் பேராயரும் ஒரு தமிழ் உபதேசியாரும்

தமிழ் இலக்கிய வரலாற்றில் கடல் கடந்த தொடர்புகளைப் பேசும்போது ஈழம், கடாரம், சாவகம் ஆகிய பெயர்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. நக்கவாரம் என்னும் பெயர் கல்வெட்டுப் படிப்போருக்கு மட்டும் உரியதாக ஒதுங்கி நிற்கிறது. இன்று நிக்கோபார் என வழங்கும் தீவுக்கூட்டமே அந்நக்கவாரம். அத்தீவுகளின் மண்ணில் பிறந்து, அம்மக்களின் மொழிக்கு எழுத்து வாழ்வு தந்து, ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயராகவும் இந்திய நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவும் உயர்ந்தவர் ஜான் ரிச்சர்ட்சன். அவர் வாழ்வின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. கடலைக் கண்ணால் காணாத சமவெளியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே பத்தாண்டுகள் தமிழ் வளர்த்த நம் வட்டத்தின் மலரில், தென்னையையே உயிராகக் கொண்ட ஒரு தீவின் வரலாற்றை எழுதுவது பொருத்தமே எனக் கருதுகிறேன்.

பெயரும் பார்வையும்

முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் சீவிசயப் பேரரசின் மீது கடற்படை செலுத்தினான். அவன் வென்ற ஊர்களை அடுக்கிச் சொல்லும் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. அப்பட்டியலில் மாநக்கவாரமும் ஒன்று. கடாரத்துக்குச் செல்லும் கடல்வழியில் இத்தீவுகள் இயல்பான தங்குமிடங்கள். நன்னீரும் தேங்காயும் கிடைக்கும் துறைகள். ஏழாம் நூற்றாண்டில் இவ்வழியே இந்தியா வந்த சீனத் துறவி இத்சிங், ஆடையற்ற மக்கள் நாடு என ஒன்றைக் குறிப்பிடுகிறார். கப்பலைக் கண்டதும் அவர்கள் சிறு தோணிகளில் தேங்காய் கொண்டு வந்ததையும், அதற்கு மாற்றாக இரும்பை விரும்பிக் கேட்டதையும் எழுதியிருக்கிறார். இது நிக்கோபார்த் தீவுகளையே சுட்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோவும் இதனையொத்த பெயரொன்றைப் பதிந்துள்ளார்.

இவை யாவும் வெளியிலிருந்து வந்தோர் இட்ட பெயர்கள். 'நக்கம்' என்னும் சொல் ஆடையின்மையைக் குறிப்பது. வந்தவன் கண்ணில் முதலில் பட்டது எதுவோ அதுவே நாட்டின் பெயராகிவிட்டது. அம்மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் சொல் 'ஹோல்சு' என்பது. அதற்கு நண்பர் என்று பொருள் கூறுவர். வட கோடியிலுள்ள கார் நிக்கோபார்த் தீவை அவர்கள் 'பூ' என அழைக்கின்றனர். நம் மொழியில் அச்சொல் வேறு பொருள் தரினும், கவிஞர்கள் அந்த ஒலி ஒப்புமையை எண்ணி மகிழலாம். தன்னை நண்பன் என்றழைத்துக்கொள்பவனை ஆடையற்றவன் என்று பிறர் எழுதி வைப்பதே பல பழங்குடிகளின் வரலாறாக இருந்திருக்கிறது.

தமிழில் இப்பார்வைக்குச் சிறந்த சான்று மணிமேகலை. ஆதிரை பிச்சையிட்ட காதையில், பொருளிழந்த சாதுவன் வாணிகத்தின் பொருட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, ஆடையற்ற நாகர் வாழும் மலைப்பக்கத்தில் ஒதுங்குகிறான். உண்பதற்காக அவனை நெருங்கும் நாகரிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அதனால் உயிர் பிழைக்கிறான். அவர்களின் தலைவனுக்கு வினைப்பயனை எடுத்துரைத்து, உடைந்த கப்பலிலிருந்து வருவோரைக் கொல்லாதிருக்கும்படி அறம் கூறுகிறான். இந்நாகநாட்டை நிக்கோபாரோடு இணைத்துக் காண்போரும் உண்டு. அது எவ்வாறாயினும் ஒன்று உறுதி: நிக்கோபாரிகள் மனித ஊன் உண்போர் அல்லர். கடலோடிகளின் அச்சம் கட்டிய கதை அது. ஆயினும் சாத்தனார் கண்ட ஓர் உண்மை காலம் கடந்து நிற்கிறது. அறம் சொல்ல வருபவனுக்கு முதலில் வேண்டியது கேட்பவனின் மொழி. சாதுவனைக் காத்தது அவனுடைய மொழியறிவே.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற கப்பல்கள்

இராசேந்திரனுக்குப் பின் ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டு கழித்து, மீண்டும் தமிழகக் கடற்கரையிலிருந்தே நிக்கோபாரை நோக்கிக் கப்பல்கள் புறப்பட்டன. இம்முறை அவற்றைச் செலுத்தியோர் டேனியர். 1714ஆம் ஆண்டில் தமிழில் நற்செய்தி நூல்களை அச்சிடத் தொடங்கிய அதே தரங்கம்பாடியிலிருந்து, 1756இல் டேனியக் கும்பினி நிக்கோபாரில் குடியேற்றம் அமைக்க முயன்றது. காய்ச்சல் அம்முயற்சியை முறியடித்தது. 1768 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் மொரேவியச் சகோதரர்கள் நான்கௌரித் தீவில் தங்கிச் சமயப்பணி செய்தனர். அவர்களும் ஒருவர்பின் ஒருவராக நோயில் மாண்டனர். எஞ்சியவருள் ஒருவரான ஹென்செல் எழுதிய கடிதங்கள் 1812இல் நூலாயின. சமயம் மாறியவரோ எழுத்தறிந்தவரோ ஒருவரும் இல்லாமலே அம்முயற்சி முடிந்தது. மலேரியா ஒரு காரணம். மொழியைக் கற்று முடிப்பதற்குள் சாவு வந்துவிட்டது மற்றொரு காரணம்.

1868இல் டேனியர் தம் உரிமையைக் கைவிட, அடுத்த ஆண்டில் ஆங்கிலேயர் தீவுகளைத் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர். நான்கௌரியில் அமைந்த கைதிகள் குடியிருப்பு 1888இல் மூடப்பட்டது. அதன் பின்னர் அரசின் கண்ணாகவும் கையாகவும் தீவுகளில் இருத்தப்பட்டவர்கள் சில முகவர்களே. கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் அவ்வாறு அமர்த்தப்பட்டவர் வேதப்பன் சாலமன்.

வேதப்பன் சாலமன்

சாலமன் ஒரு தமிழ்க் கிறித்தவர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் உபதேசியார். போர்ட் பிளேரில் பணியாற்றியவர் 1890களின் நடுவில் கார் நிக்கோபாருக்கு அனுப்பப்பட்டார். 2024இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டதை அன்பர்கள் அறிவர். இராசேந்திரன் பொருத பேரரசின் பெயரே இன்று தீவுகளின் தலைநகர்க்கு வந்து அமைந்திருக்கிறது.

அரசின் முகவர் என்ற முறையில் வந்துபோகும் கப்பல்களைப் பதிவதும் வணிகர்களைக் கண்காணிப்பதும் அவர் கடமைகள். உபதேசியார் என்ற முறையில் அவர் செய்த பெரும்பணி மூஸ் ஊரில் ஒரு பள்ளி தொடங்கியது. சில சிறுவர்களைக் கூட்டி வைத்து எழுத்துக் கற்பித்த எளிய பள்ளி அது. தீவின் எழுத்துக் கல்விக்கு அதுவே வித்து.

அவர் நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவர். அதன் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. தோணிப் பந்தயம், பன்றி விருந்து, பேயோட்டும் சடங்கு, பேய்பிடித்தவன் எனக் கருதப்பட்டவனை ஊரார் கூடிக் கொன்றுவிடும் கொடிய வழக்கம் ஆகியவை நாள்வாரியாக அதில் பதிவாகியுள்ளன. கார் நிக்கோபாரைப் பற்றி எழுதும் மானிடவியலாளர்க்கு அது இன்றும் முதன்மை ஆவணங்களுள் ஒன்று. ஒரு தமிழர் கடல் நடுவே தனித்திருந்து எழுதிய அக்குறிப்பை நம் பயண இலக்கியப் பட்டியல்கள் சேர்த்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதியதால் அவர் தமிழிலக்கியத்துக்கு அயலானார். அரசு முகவராக எழுதியதால் திருச்சபை வரலாற்றுக்கும் பாதி அயலானார்.

1909இல் சாலமன் மறைந்தார். அவருடைய பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவன் பெயர் ஹாச்செவ்கா.

ஹாச்செவ்கா ரிச்சர்ட்சன் ஆதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூஸ் ஊரில் பிறந்த அச்சிறுவன், ஜான் ரிச்சர்ட்சன் என்னும் ஞானஸ்நானப் பெயர் பெற்றான். மேற்படிப்புக்காகப் பர்மாவின் மாந்தலை நகரிலிருந்த எஸ்.பி.ஜி. மிஷன் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட தாழ்ந்த பவளத்தீவில் பிறந்தவன், மன்னர் கோட்டை நின்ற மாந்தலையில் நகர வாழ்வையும் நூல்களையும் கண்டான். பலர் அவ்வாறு சென்று திரும்பாதிருந்திருப்பர். ரிச்சர்ட்சன் 1912ஆம் ஆண்டளவில் ஊர் திரும்பி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் சாலமன் விட்ட இடத்தில் நின்றார். தீவில் காற்பந்தாட்டம் வேரூன்றியதில் அவர் பங்கையும் சிறப்பித்துச் சொல்வர்.

இக்காலத்தில் அவருடன் உழைத்தவர் ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலேயக் குரு. கார் நிக்கோபார் மொழிக்கு அகராதி தொகுத்து 1925இல் இரங்கூனில் வெளியிட்டவர் அவர். உரோமன் எழுத்தில் அம்மொழியை எழுதும் முறை இக்காலத்தே நிலைபெற்றது. அப்போது தீவுகள் இரங்கூன் மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்தமையால் ரிச்சர்ட்சனின் குருப்பட்டமும் 1930களில் பர்மியத் திருச்சபையின் வழியே அமைந்தது. கிறித்தவரின் தொகை அன்றும் சிறியதே; தீவின் பெரும்பான்மையோர் முன்னோர் வழிபாட்டிலேயே இருந்தனர். முப்பதாண்டு உழைப்பின் பயன் சில நூறு பேர் என்பதே அன்றைய கணக்கு.

சாகும் சொற்களும் எழுதிய சொற்களும்

மொழியில் ஈடுபாடுடைய நம் வட்டத்தார் இங்குச் சற்று நின்று செல்லவேண்டும். நிக்கோபார்த் தீவுகளின் மொழிகள் ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தவை; மோன், கெமர் மொழிகளுக்கு உறவானவை. இத்தீவுகளில் வாழ்ந்து நான்கௌரி வழக்குக்கு அகராதி செய்தவரும், 1883இல் கமோர்ட்டாவில் கொல்லப்பட்டவருமான ரோப்ஸ்டார்ஃப் என்னும் அதிகாரி ஒரு வியப்பான வழக்கத்தைப் பதிந்துள்ளார். இறந்தவரின் பெயரை யாரும் சொல்லலாகாது என்பதே அது. அப்பெயர் ஒரு பொதுச் சொல்லாகவும் இருந்தால், அச்சொல்லையே கைவிட்டு வேறு சொல் ஆக்கிக்கொள்வர். தமிழில் ஒப்பிட்டுச் சொல்வதானால், முல்லை என்னும் பெயருடையாள் ஒருத்தி மறைந்தால் ஊரார் முல்லைப்பூவுக்கு வேறு பெயர் தேடவேண்டும். மனிதர் சாகும்போது அவரோடு ஒரு சொல்லும் சாகிறது. துயரத்துக்கு மொழி இவ்வளவு விலை கொடுத்த இடம் வேறெங்கேனும் உண்டோ என எண்ணத் தோன்றுகிறது.

நம் மரபு இதற்கு நேர் எதிரானது. இறந்தவன் பெயரையும் பீடும் எழுதிக் கல் நடுவது சங்கச் சான்றோர் பாடிய வழக்கம். ஒரு மரபு பெயரைக் கல்லில் நிறுத்தித் துயரை ஆற்றுகிறது. மற்றொன்று பெயரை நாவிலிருந்தே நீக்கித் துயரை ஆற்றுகிறது. இரண்டும் அன்பின் வழிகளே. ஆயினும் இரண்டாவதில் வரலாறு எழுதுவது இயலாது. முன்னோர் பெயரே இல்லாத இடத்தில் தலைமுறைகளை எவ்வாறு அடுக்குவது?

இத்தகைய சூழலில் ஒரு மொழியை எழுத்தில் பதிப்பது வெறும் அச்சுப்பணி ஆகாது. எழுதிய சொல் எழுதியவன் இறந்தபின்னும் நிற்கும்; இறந்தோர் பெயர்கள் நிறைந்த நூலை உரக்க வாசிக்கவும் வேண்டியிருக்கும். விவிலியம் அத்தகைய நூலே. அதனை மொழிபெயர்த்த நிக்கோபாரி, தன் மக்களின் துயரவழக்கையே மாற்றும் செயலில் இறங்கினார் என்று சொல்வது மிகையன்று. இதில் பேறும் உண்டு, இழப்பும் உண்டு. மொழி நிலைபெற்றது பேறு. ஒரு சொல்லையே காணிக்கையாக்கித் துயரப்பட்ட பழைய உள்ளத்தை நாம் இனி நூல்களில்தான் காணமுடியும் என்பது இழப்பு.

மொழிபெயர்ப்பு தனியொருவர் ஒரு நாளில் முடித்ததன்று. ஒயிட்ஹெட் காலத்தில் மத்தேயு நற்செய்தி தொடங்கி, பின்னர் ரிச்சர்ட்சனின் உழைப்பில் புதிய ஏற்பாடு நிறைவெய்தி, 1969இல் முழு விவிலியமும் கார் நிக்கோபார் மொழியில் வெளிவந்தது. கோதுமை விளையாத, திராட்சை அறியாத, ஆட்டு மந்தை காணாத தீவுக்குப் பாலைநிலத்து நூலைக் கொண்டுசென்ற பணி அது. தமிழில் இப்பணியைத் தொடங்கியோர் சீகன்பால்கு, பப்ரிசியஸ், இரேனியஸ் முதலிய அயல்நாட்டார். அவர்கள் முன்னே தொல்காப்பியம் தொட்டு வளர்ந்த இலக்கணமும் இலக்கியமும் இருந்தன. அவர்கள் தமிழறிந்த புலவரிடம் கைகட்டிக் கற்கவேண்டியிருந்தது. கார் நிக்கோபாரிலோ இலக்கண நூலும் இல்லை, ஏடும் இல்லை. தாய்மொழியாளர் ஒருவரின் செவியே இலக்கணமாயிற்று. எழுத்தேறிய இரு தலைமுறைக்குள் முழு நூலையும் தம்மவரே முடித்தது அம்மொழியின் பெருமை.

போரும் சிலுவையும்

1942இல் ஜப்பானியப் படை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைப் பிடித்தது. கார் நிக்கோபாரின் தென்னந்தோப்புகளை வெட்டி விமானத்தளம் அமைத்தனர். மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தனர். நேச நாடுகளின் விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியதும், ஊரார் விளக்குச் சைகை காட்டி ஒற்றறிவிக்கிறார்கள் என்ற ஐயம் எழுந்தது. ஆங்கிலம் படித்தவர்மீதும் திருச்சபையைச் சார்ந்தோர்மீதும் அவ்வையம் முதலில் விழுந்தது. 1945இல் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார், அவர் குடும்பமும் சாவுக்குத் தப்பவில்லை. ஜப்பான் சரணடைந்தமையாலேயே அவர் உயிர் தப்பியது. இக்கொலைகளுக்காக 1946இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடைபெற்றது.

அரை நூற்றாண்டுப் போதனை செய்யாத ஒன்றை இம்மூன்றாண்டுத் துன்பம் செய்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழத் தீவு முழுவதும் கிறித்தவமாயிற்று. அதற்குச் சமயப் பரப்புரை மட்டும் காரணமாகாது. தம்முடன் அடிபட்டு, தம்மைப் போலவே உறவை இழந்து, பின்னும் ஊரைவிட்டுப் போகாமல் நின்ற ஒருவனை மக்கள் நம்பினார்கள். அந்நம்பிக்கை அவன் கடவுளின் மீதும் படர்ந்தது. வரலாற்றாசிரியர் இதனைக் கணக்கில் கொள்ளாவிடில், அம்மாற்றத்தை விளக்க இயலாது.

பேராயரும் உறுப்பினரும்

1950இல் கல்கத்தாப் பேராயருக்குத் துணைப் பேராயராக ரிச்சர்ட்சன் திருநிலைப்படுத்தப்பட்டார். நிக்கோபாரிகளுள் அப்பதவி எய்திய முதல்வர் அவரே. 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராக உயர்ந்த நம் வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியாவே இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். அவருக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, எழுத்தே இல்லாதிருந்த ஒரு தீவிலிருந்து ஒருவர் அவ்வரிசையில் சேர்ந்தார்.

1952இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினராகக் குடியரசுத் தலைவர் அவரை நியமித்தார். பேராயர் ஒருவர் மக்களவையில் அமர்ந்தது அன்று பலருக்குப் புதுமை. அந்தமான் நிக்கோபார்ப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை பிறந்த 1956ஆம் ஆண்டும் அவர் உறுப்பினராயிருந்த காலத்துள் அடங்கும். வெளியார் நிலம் கொள்வதையும் விருப்பம்போல் நுழைவதையும் அச்சட்டம் தடுத்தது. தேங்காய்க்குத் துணியும் அரிசியும் கொடுத்துக் கடனில் கட்டிவைத்த பழைய பண்டமாற்று வாணிகத்தை நினைவிற் கொண்டால், அச்சட்டத்தின் அருமை விளங்கும்.

1966இல் அந்தமான் நிக்கோபார் தனி மறைமாவட்டமானபோது அவரே அதன் முதல் பேராயரானார். 1970இல் அத்திருச்சபை வட இந்தியத் திருச்சபையோடு இணைந்தது. அரசு அவருக்கு 1965இல் பத்மஸ்ரீ விருதும் 1975இல் பத்மபூஷண் விருதும் வழங்கியது. 1978இல் அவர் மறைந்தார். கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பெயர் சொல்லலாகாது என்ற பழைய விலக்கு நின்ற மண்ணில், இறந்தவர் ஒருவர் பெயரை நோயாளியும் மருத்துவரும் நாள்தோறும் சொல்கின்றனர்.

அவர் கொணர்ந்த மாற்றம் பழமையை முற்றும் அழித்ததாகவும் கொள்ளவேண்டா. 'துஹெட்' எனப்படும் பெருங்குடும்பமே நிலத்துக்கும் தென்னைக்கும் பன்றிக்கும் உரிமையுடைய அமைப்பாகத் தொடர்ந்தது. ஊர்த்தலைவர் முறை நின்றது. தோணிப் பந்தயமும் பன்றி விருந்தும் மறையவில்லை. சமயம் மாறினும் குடும்பமும் நிலமும் சிதறாமல் காத்தமையே அம்மக்களைப் பிற பழங்குடிகளின் கதிக்கு ஆளாகாமல் தடுத்தது எனலாம்.

கடல் கொண்ட பின்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களைத் துடைத்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த தீவின் மக்கள்தொகை, 2011இல் பதினெட்டாயிரத்துக்கும் குறைந்தது. கச்சால் தீவில் பேரழிவு நேர்ந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தீவு அது. கபாடபுரமும் குமரியும் கடல்கொண்டதாகப் பேசும் நம் மரபுக்கு, கடல்கோள் என்பது உரைநூற் செய்தி. நிக்கோபாரிக்கு அது உறவினர் பெயர்ப்பட்டியல். ஊர்கள் மேட்டுநிலத்துக்கு நகர்ந்தன. கரையில் நின்ற மன்றங்களும் முன்னோர் புதைந்த இடங்களும் போயின. எழுதி அச்சிட்ட மொழி எஞ்சியது.

நிறைவாக

தமிழ்நிலத்திலிருந்து நக்கவாரத்துக்குச் சென்ற மூவரை இக்கட்டுரை நினைவுகூர்ந்தது. காப்பியத்தின் சாதுவன், மெய்க்கீர்த்தியின் இராசேந்திரன், நாட்குறிப்பின் சாலமன். மூவருள் நாம் பாடநூலில் போற்றுவது படையெடுத்தவனை. அவன் தீவில் விட்டுச்சென்றது எதுவுமில்லை. அவன் கல்வெட்டில்தான் தீவு இருக்கிறது, தீவில் அவன் இல்லை. சாலமனோ ஒரு பள்ளியை விட்டுச்சென்றார். அப்பள்ளியிலிருந்து ஒரு மனிதர் எழுந்தார். அவரால் ஒரு மொழி ஏடேறியது. கடல் கடந்த தமிழர் பெருமையை அளக்கும் கோலை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இதனால் பெறப்படும்.

நம் வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு எத்தனையோ பணிகளை எண்ணியிருக்கலாம். அவற்றோடு ஒன்றைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். 1902இல் ஆங்கிலத்தில் அச்சேறிய சாலமனின் நாட்குறிப்புப் பகுதிகளைத் தமிழில் பெயர்த்து, உரிய குறிப்புகளுடன் சிறுநூலாக வெளியிடலாம். அளவில் சிறிய பணி. நான்கு அன்பர்கள் கூடினால் ஓராண்டில் முடியும். தன் மாணவனின் மொழிக்கு முதல் எழுத்தை அறிவித்தவர், தன் சொந்த மொழியில் ஒரு பக்கமேனும் பெறுதல் முறை.